கொழுப்பு என்று ஏசாதீர்!

(மூன்றாம் ஆண்டு மாணவி, கெமிக்கல் பிரிவு)



"உனக்கு ரொம்பக் கொழுப்புடி!"

நம் ஹாஸ்டலில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை இந்த வாக்கியம் காதில் விழுகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? கடைசி வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போனால் கொழுப்பு. ரெக்கார்டு நோட்டைக் கேட்டுத் தராவிட்டால் கொழுப்பு. சீனியர் அக்காவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டால் கொழுப்போ கொழுப்பு! தின்ற சோறு உழைப்பாகச் செலவாகாமல் உடம்பில் தங்கிவிட்டால் ஆள் ஆடத்தான் செய்வான் என்பது நம் பெரியவர்களின் கணக்கு. அந்தக் கணக்கை நான் குறை சொல்லப் போவதில்லை.

ஆனால் இதே வார்த்தையை டாக்டர்களும் எடுத்துக்கொண்டார்கள். ரத்தத்தில் கொலஸ்டெரால் கூடினால் "கொழுப்பு ஜாஸ்தி" என்கிறார்கள். கேட்பவனுக்கு அது நோயாகக் கேட்பதில்லை, வசவாகக் கேட்கிறது. உண்மையில் நம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி பாடப்படி பார்த்தால் கொலஸ்டெரால் எண்ணெய், நெய் போன்ற கொழுப்பே அல்ல. பெயர் 'ஆல்' என்று முடிகிறதே, கவனித்தீர்களா? அது ஒரு ஆல்கஹால். 27 கார்பன், 46 ஹைட்ரஜன், ஒரே ஓர் ஆக்சிஜன். நான்கு வளையங்கள் ஒட்டிய ஒரு தட்டு, பின்னால் ஒரு வால். முதன்முதலில் கிடைத்தது பித்தப்பைக் கல்லில். அதனால் 1815-ல் பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல் அதற்குப் பித்தம், திடம் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பெயர் வைத்தார். பிறந்த இடமே கல் என்பதாலோ என்னவோ, அன்றிலிருந்து அதற்குக் கெட்ட பெயர்தான்.

எனக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் அப்பா ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். விலா எலும்பை எண்ணிவிடலாம், அப்படி ஒரு உடம்பு. போன தை மாதம் மார்க்கெட் பக்கம் நடந்த ரத்தப் பரிசோதனை முகாமில் எல்லோரோடும் வரிசையில் நின்று கையை நீட்டியிருக்கிறார். ரிப்போர்ட் வந்தது. அதை எடுத்துக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனார். அங்கே இருந்த டாக்டர் தாளைப் பார்த்து, "கொழுப்பு ஜாஸ்தி, குறைங்க" என்று சொல்லி மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லையாம். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஆகவே ரேஷன் கார்டு முதல் பேங்க் பாஸ்புக் வரை எந்தத் தாள் வந்தாலும் நான் சனிக்கிழமை ஊருக்கு வரும்வரை டிவி பெட்டிக்கு அடியில் காத்திருக்கும். அந்த ரிப்போர்ட்டும் அப்படித்தான் காத்திருந்தது. மொத்த கொலஸ்டெரால் 262 என்று போட்டு, பக்கத்தில் தடித்த எழுத்தில் 'அதிகம்' என்பதற்கான ஆங்கில எழுத்து.

"எனக்காத்தா கொழுப்பு?" என்றார் அப்பா. "காலையில நாலு மணிக்குப் போயி மூட்டையில கை வைக்கிறவன் நான். நல்லாத் தின்னு படுத்துக் கெடக்கிற ஏவாரிக்கு வந்தா நாயம். எனக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவர் முகத்தில் பயத்தைவிட வெட்கம்தான் அதிகம் தெரிந்தது. மார்க்கெட்டில் கூட்டாளிகளிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் கேலி செய்வார்களாம், "கொழுப்பு எடுத்தவன்" என்று.

எங்கிருந்து வந்தது? நல்ல கேள்விதானே! எனக்கும் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை வந்ததும் எங்கள் கெமிஸ்ட்ரி சாரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. லைப்ரரியில் ஒரு தடித்த பயோகெமிஸ்ட்ரி புத்தகத்தைக் காட்டி, "ப்ளோக் என்று ஒருத்தர் வருவார், அவரைப் பிடிச்சுக்கோ" என்றார். ஆங்கிலப் புத்தகம். பக்கத்தில் அகராதி. ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. ஆனால் பிடித்துக்கொண்டேன்.

கொன்ராட் ப்ளோக் 1912-ல் அன்றைய ஜெர்மனியில் இருந்த நைஸ்ஸ என்ற ஊரில் பிறந்தவர். இன்று அந்த ஊர் போலந்தில் இருக்கிறது. முதலில் அவர் படிக்க நினைத்தது என்ன தெரியுமா? கெமிக்கல் இன்ஜினியரிங்! நம்ம பிரிவுக்காரர்! மூனிச் தொழில்நுட்பக் கல்லூரியில் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி வகுப்பைக் கேட்டு மனம் மாறி, 1934-ல் அவர் வாங்கிய பட்டத்தின் பெயரும் டிப்ளமோ இன்ஜினியர்தான். (அந்த ஊர் டிப்ளமோ வேறு, நம்ம டிப்ளமோ வேறு என்று சார் சொல்லிவிட்டார். இருந்தாலும் எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.)

அவர் யூதர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் மேலே படிக்க அங்கே வழி இல்லை. சுவிட்சர்லாந்தில் டாவோஸ் என்ற மலையூரில் காசநோய்க் கிருமியின் கொழுப்புப் பொருட்களை ஆராயும் வேலை கிடைத்தது. அந்த வேலையை வைத்து பாஸல் பல்கலைக்கழகத்துக்குத் தீசிஸ் கொடுத்தார். ஏற்கவில்லை! முக்கியமான சில கட்டுரைகளைக் குறிப்பிடவில்லையாம். (அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் கவனிக்க.) சுவிஸில் தங்கும் அனுமதியும் முடியப் போகிறது. திரும்ப ஜெர்மனிக்குப் போனால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே. அந்த நேரத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. முதல் கடிதம்: உங்களை உதவியாளராக நியமித்திருக்கிறோம். இரண்டாவது கடிதம்: ஆனால் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை. ப்ளோக் முதல் கடிதத்தை மட்டும் தூதரகத்தில் காட்டி விசா வாங்கினார். 1936-ல் அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அந்த இரண்டாவது கடிதம் சட்டைப்பையில் இருந்ததா, பெட்டியில் இருந்ததா என்று நான் பலநாள் யோசித்திருக்கிறேன்.

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1938-ல் பட்டம் வாங்கிய பிறகு, அங்கேயே ஷோன்ஹைமர் என்பவரின் குழுவில் சேர்ந்தார். அவரும் ஜெர்மனியை விட்டு வந்தவர். அந்தக் குழுவினர் செய்த தந்திரம் மிக எளிமையானது. உடம்புக்குள் போகும் ஒரு பொருள் எங்கே போய் என்னவாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மார்க்கெட்டில் மூட்டைக்கு மூட்டை மையால் குறி போடுவார்களே, எந்த மண்டிக்கு உரியது என்று தெரிய... அதேதான்! சாதாரண ஹைட்ரஜனுக்குப் பதிலாகக் கன ஹைட்ரஜனான டியூட்டீரியத்தை வைத்துப் பொருளைத் தயாரித்து விலங்குக்குத் தின்னக் கொடுக்க வேண்டியது. பிறகு உடம்பில் எந்தப் பொருளில் அந்தக் குறி தெரிகிறது என்று பார்க்க வேண்டியது.

1942-ல் ப்ளோக்கும் ரிட்டன்பெர்க் என்பவரும் சேர்ந்து இப்படிக் குறி போட்ட அசிட்டேட்டைக் கொடுத்தார்கள். அசிட்டேட் என்றால் வேறொன்றும் இல்லை, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தின் உப்பு. இரண்டே கார்பன் உள்ள சின்னப் பொருள். குறி எங்கே வந்து நின்றது? கொலஸ்டெராலில்! அதன்பின் பல வருடம் உழைத்து, அந்த 27 கார்பனும் அசிட்டேட்டிலிருந்தே வந்தவை, அதில் 15 ஒரு முனையிலிருந்தும் 12 மறு முனையிலிருந்தும் வந்தவை என்று ஒவ்வொன்றாகக் கணக்குக் காட்டினார்கள். ப்ளோக் மட்டுமல்ல, இங்கிலாந்தில் கார்ன்ஃபோர்த், போப்ஜாக் என்ற இருவரும் இதில் பாதிப் பாரத்தைச் சுமந்தார்கள்.

இங்கே என் அப்பாவின் கேள்விக்குப் பதில் இருக்கிறது பாருங்கள். சோறு தின்றாலும், எண்ணெய் தின்றாலும் உடம்புக்குள் அது உடைந்து அந்த இரண்டு கார்பன் துண்டாகிவிடுகிறது. அந்தத் துண்டிலிருந்து உடம்பு தானே கொலஸ்டெராலைக் கட்டிக்கொள்கிறது. நெய்யும் கறியும் தின்றவனுக்கு மட்டும்தான் வரவேண்டும் என்று சட்டம் இல்லை. எவ்வளவு கட்டுவது, ரத்தத்திலிருந்து எவ்வளவு வெளியே எடுப்பது என்பதில் பெற்றோர் வழி வந்த அமைப்புக்கும் பெரிய பங்கு உண்டு. இதைச் சொன்னதும் அப்பா முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப எங்கப்பன்தான் குடுத்துட்டுப் போயிருக்காரு... வேற சொத்து ஒண்ணும் குடுக்கல" என்றார்.

இனி சுறா மீன் கதை. இரண்டு கார்பன் துண்டுக்கும் 27 கார்பன் தட்டுக்கும் நடுவில் ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும். சுறாவின் ஈரல் எண்ணெயில் ஸ்குவாலீன் என்று ஒன்று உண்டு. 30 கார்பன் நீளமுள்ள நூல் மாதிரியான பொருள். அதுதான் நடுவில் வருகிறதோ என்ற சந்தேகம் 1920-களிலேயே இருந்தது. ப்ளோக் நேராகப் பெர்முடா தீவுக்கே போய்விட்டார், சுறா ஈரலில் சோதிக்க. கையாளும் அளவுக்குச் சின்னதாகச் சுறா அகப்படுவதே கஷ்டம், அகப்பட்டாலும் ஈரல் ஒரே எண்ணெய், சோதனைக்குத் துண்டு போடவே முடியவில்லை என்பதுதான் அங்கே அவர் கற்றுக்கொண்டது! பிறகு சிகாகோவில் எலியை வைத்தே காரியம் முடிந்தது. எலியின் ஈரல் ஸ்குவாலீனைச் செய்கிறது, அதைக் கொலஸ்டெராலாக மாற்றவும் செய்கிறது என்று 1950-களின் தொடக்கத்தில் நிரூபித்தார்கள். 1953-ல் உட்வர்டு என்ற பெரிய வேதியியலாளரும் அவரும் சேர்ந்து அந்த நூல் எப்படி மடிந்து நான்கு வளையமாகிறது என்பதற்கு ஒரு வழி சொன்னார்கள். சாக்கு மூட்டை வாயைத் தைக்கும் சணல் நூலில் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் தையல் முழுக்கச் சரசரவென்று பிரியும் அல்லவா? அதைத் தலைகீழாக நினைத்துக்கொள்ளுங்கள். ஓர் என்சைம் ஒரு முனையைத் தொட்டதும் நான்கு வளையமும் வரிசையாக விழுந்துவிடுகின்றன.

அப்படி விழுவது இன்னும் கொலஸ்டெரால் அல்ல. அதன் பெயர் லானோஸ்டெரால். ஆட்டு ரோமத்தின் பிசுக்கில் நிறைய இருக்கும். அதில் கொலஸ்டெராலைவிட மூன்று கார்பன் அதிகம், மூன்று மெத்தில் தொகுதிகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மூன்றையும் வெட்டி எடுத்து மற்றச் சில்லறை வேலைகளையும் முடிக்க நம் செல்லுக்கு ஏறக்குறைய இருபது படிகள் தேவைப்படுகின்றன. அசிட்டேட்டிலிருந்து எண்ணினால் முப்பதுக்கு மேல். 1964-ல் ப்ளோக்குக்கும் ஜெர்மனியின் லைனனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

வேறு யாராக இருந்தாலும் பரிசை அலமாரியில் வைத்துவிட்டு ஓய்ந்திருப்பார்கள். ப்ளோக் அதன்பிறகுதான் இன்னொரு கேள்வி கேட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அந்தக் கேள்வியால்தான். 'எப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்தாயிற்று. சரி, ஏன் இத்தனை பாடுபட்டுச் செய்கிறது? லானோஸ்டெராலிலேயே நிறுத்தியிருந்தால் என்ன?'

இதற்குப் பதில் தேட நாம் செல்லின் சுவருக்குப் போக வேண்டும். சுவர் என்றால் செங்கல் சுவர் அல்ல, செல் சவ்வு. கனம் சுமார் 5 நானோமீட்டர். ஒரு தலைமுடியின் பருமனுக்கு அப்படிப் பத்தாயிரம் சவ்வுகளுக்கு மேல் அடுக்கலாம். பாஸ்போலிப்பிட் என்ற மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. தலை தண்ணீர்ப் பக்கம், வால்கள் உள்பக்கம். வால்கள் எண்ணெய் மாதிரி. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்துபோய்க் குளிக்கப் போகும் நேரத்தில் நம்மைப் படுத்தும், சித்திரையில் தண்ணீராக ஓடும். செல் சவ்வு அப்படி இருந்தால் கதை கந்தல். உறையவும் கூடாது, ஓடவும் கூடாது. உறைந்தால் செல் வளையாது. ஓடினால் உள்ளே இருப்பதெல்லாம் கசிந்துவிடும். நம் ரத்தச் சிவப்பணுவை எடுத்துக்கொள்ளுங்கள். தன்னைவிடக் குறுகிய குழாய்க்குள் நசுங்கி நுழைந்து வெளியே வந்து பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, சுமார் 120 நாள்!

அந்த வால்களுக்கு நடுவே சொருகி நிற்பதுதான் கொலஸ்டெரால். விலங்குச் செல்களின் வெளிச் சவ்வில் ஒரு பாஸ்போலிப்பிட்டுக்கு ஒரு கொலஸ்டெரால் என்ற அளவுக்குக்கூட இருக்கும். அதன் தட்டையான பக்கம் வால்களோடு ஒட்டி நின்று, ஆடாதே என்று பிடிக்கிறது. குளிர்ந்தால் வால்கள் ஒன்றோடொன்று நெருக்கமாக அடுங்கி உறையவும் விடாமல் இடையில் நிற்கிறது.

முதலாம் ஆண்டு பிட்டிங் ஷாப் ஞாபகம் இருக்கிறதா நண்பர்களே? மைல்ட் ஸ்டீல் பிளேட்டை வைஸில் பிடித்து அரத்தால் ராவி ராவிக் கை காய்த்துப்போனோமே! டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார் இன்ஸ்ட்ரக்டர். துளி வெளிச்சம் தெரிந்தாலும் "போய் இன்னும் ராவு." ஒரு சின்னப் பிசிறு நின்றால் போதும், இரண்டு பிளேட்டும் ஒட்டாது, ஆடும். லானோஸ்டெரால் அந்தப் பிசிறுள்ள பிளேட். மூன்று மெத்திலில் 14-ஆம் கார்பனில் உள்ளது சரியாகத் தட்டையான பக்கத்தில் துருத்திக்கொண்டு நிற்கிறது. 4-ஆம் கார்பனில் இருக்கும் இரண்டில் ஒன்றும் அந்தப் பக்கம்தான். அவை இருக்கும்வரை வால்கள் நெருங்கி ஒட்ட முடியாது. செல் அந்த இருபது படிகளில் செய்வது பிட்டிங் ஷாப் வேலைதான் என்பது ப்ளோக்கின் வாதம். பிசிறு தட்டி, முகம் சமமாக்கி, பொருந்தவைப்பது.

வாதம் மட்டும் போதுமா? சோதனை வேண்டாமா? அதற்கு ஹார்வர்டில் அவரும் அவருடன் வேலை செய்தவர்களும் ஆட்டு நோய்க்கிருமி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள், மைக்கோபிளாஸ்மா கேப்ரிகோலம். (வெள்ளாடு வளர்க்கிறவர்களுக்கு இதன் இனத்தாரைத் தெரிந்திருக்கும்.) அதற்குக் கெட்டியான வெளிச்சுவர் கிடையாது, சவ்வு மட்டும்தான். கொலஸ்டெராலைத் தானே செய்யவும் தெரியாது, ஆட்டிடமிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே நாம் எதைக் கொடுக்கிறோமோ அதுதான் அதன் சவ்வில் போய் நிற்கும். 1980 வாக்கில் அதற்கு லானோஸ்டெரால் கொடுத்துப் பார்த்தார்கள். ஏதோ நானும் இருக்கிறேன் என்று நோஞ்சானாக வளர்ந்தது. மெத்தில் குறையக் குறைய வளர்ச்சி கூடியது, சவ்வின் கெட்டித்தன்மையும் கூடியது. கொலஸ்டெரால் கொடுத்ததும் நன்றாக வளர்ந்தது. இன்னொரு வேடிக்கை: லானோஸ்டெராலோடு துளி கொலஸ்டெரால் சேர்த்தாலே வளர்ச்சி வெகுவாகக் கூடியது. அப்படியானால் இடத்தை அடைத்து நிற்பது மட்டுமல்ல, கொஞ்ச அளவில் அது வேறு ஏதோ வேலையும் பார்க்கிறது.

அவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஸ்குவாலீனிலிருந்து கொலஸ்டெரால் வரை வருவதற்கு மட்டும் 11 ஆக்சிஜன் மூலக்கூறுகள் செலவாகின்றன. பூமியின் காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது ஏறக்குறைய 240 கோடி வருடங்களுக்கு முன். அதற்கு முன்னால் இந்தத் தொழிற்சாலையை ஓட்டியிருக்கவே முடியாது. பெரும்பாலான பாக்டீரியாக்களிடம் இன்றும் கொலஸ்டெரால் இல்லை. ஆகவே இந்தப் படிகளின் வரிசையே பழைய காலத்தின் வரிசையாக இருக்கலாம், ஒவ்வொரு படியிலும் சவ்வுக்கு ஒரு லாபம் கிடைத்திருக்கும், அதனால்தான் அடுத்த படி நிலைத்தது என்று அவர் எண்ணினார். இது ஊகம்தான், தீர்ப்பு அல்ல. ஆனால் எனக்கு இது பிடித்திருக்கிறது. யூனிட் ஆபரேஷன்ஸ் பரீட்சைக்கு ஃப்ளோசார்ட்டை மனப்பாடம் பண்ணுகிறோமே, ஒரு படி ஏன் அடுத்த படிக்கு முன்னால் வருகிறது என்று என்றைக்காவது கேட்டிருக்கிறோமா?

சரி, இதையெல்லாம் படித்துவிட்டு நான் வீட்டில் போய் என்ன சொன்னேன்? "அப்பா, கொலஸ்டெரால் அழுக்கு இல்லப்பா. ஒடம்புல இருக்கிற ஒவ்வொரு அணுவுக்கும் சுவரே அதாலதான் நிக்குது. பித்தநீர் அதுலேருந்துதான் வருது, சில ஹார்மோனும் அதுலேருந்துதான்" என்றேன். பக்கத்தில் என் மாமா உட்கார்ந்திருந்தார். அவருக்கு மருந்துக் கடை என்றாலே ஆகாது. "பாத்தியா மாப்ள! படிச்ச புள்ளயே சொல்லுது. அப்புறம் என்னத்துக்கு மாத்திரை? தூக்கி எறி" என்றார்.

அப்பா அவருக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். "தாயி, அது செவுத்துக்கு வேணுங்கிறே. அதை நிறுத்துறதுக்குத்தான் மாத்திரைங்கிறே. ரெண்டுல எது நெசம்?"

நண்பர்களே, மூன்று வருடத்தில் எந்த வைவாவிலும் என்னிடம் இப்படி ஒரு கேள்வியை யாரும் கேட்டதில்லை. இதற்கு நான் தப்பாகப் பதில் சொன்னால் அவர் மாத்திரையை விட்டுவிடுவார். என் இன்டர்னல் மார்க் போகிற விஷயம் இல்லை இது.

இரண்டும் நிஜம் என்றேன். அவர் சாப்பிடும் மாத்திரை ஸ்டாட்டின் வகையைச் சேர்ந்தது. ஜப்பானின் அகிரா எண்டோ 1970-களில் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தெடுத்த பொருளிலிருந்து தொடங்கிய வகை. ப்ளோக்கும் மற்றவர்களும் கண்டுபிடித்த அந்த முப்பது படிகளில் ஆரம்பத்தில் வரும் ஒரு படியை அது தடுக்கிறது. முழுக்க மூடுவதில்லை. நம் லேபில் இன்லெட் வால்வைக் கொஞ்சம் திருகி வைக்கிறோமே, அப்படி. ஈரலில் தயாரிப்பு குறைந்ததும் ஈரல் செல் என்ன செய்யும்? அதன் சுவருக்கும் கொலஸ்டெரால் வேண்டுமே! சவ்வின் மேல் பிடிகொக்கிகளை அதிகமாக நட்டு, ரத்தத்தில் மிதந்துபோகிற கொலஸ்டெரால் பொட்டலங்களை இழுத்து உள்ளே போட்டுக்கொள்ளும். அந்தக் கொக்கிகளைக் கண்டுபிடித்த பிரவுன், கோல்ட்ஸ்டீன் இருவருக்கும் 1985-ல் நோபல் கிடைத்தது. ஆக, செல்லுக்குள் சுவர் நிற்கிறது, ரத்தத்தில் சரக்கு குறைகிறது. கெடுதல் ரத்தக்குழாயின் உள்சுவருக்குள் போய்த் தேங்கும்போதுதான்.

அப்பாவிடம் இதை மார்க்கெட் பாஷையில் சொன்னேன். "வெங்காயம் கெட்டது இல்லப்பா. ஆனா கடைக்குள்ள போகாம வழியிலேயே எறக்கிப் போட்டா வண்டி போக முடியுமா? மாத்திரை வெங்காயத்த ஒழிக்கல. கடைக்காரன வெளிய வந்து எடுத்துட்டுப் போக வைக்குது."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அப்ப வழியில கெடக்கிறதுதான் தப்பு" என்றார். அன்று ராத்திரி மாத்திரையைப் போட்டுக்கொண்டார். மாமாவுக்கு இன்னும் என் மேல் வருத்தம்தான்.

இன்னொரு சண்டையும் நடந்தது, அது அம்மாவோடு. ரிப்போர்ட் வந்த நாள் முதல் வீட்டில் முட்டை கிடையாது. அதோடு விட்டாரா? நான்காவது படிக்கும் என் தம்பியிடம் பள்ளிக்கூடச் சத்துணவில் போடும் முட்டையையும் தொடக்கூடாது என்று சத்தியம் வாங்கிவிட்டார். வளர்கிற பிள்ளை. தட்டில் முட்டையை ஒதுக்கிவிட்டு அடுத்தவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்! ஒரு மஞ்சள் கருவில் சுமார் 200 மில்லிகிராம் கொலஸ்டெரால் இருப்பது உண்மை. ஆனால் சாப்பாட்டில் வருவது கூடினால் பெரும்பாலானவர்களின் ஈரல் தன் தயாரிப்பைக் குறைத்துச் சரிக்கட்டிக்கொள்ளும். தம்பிக்கு எந்த நோயும் இல்லை. அப்பா எத்தனை முட்டை சாப்பிடலாம் என்பதை டாக்டரிடம் கேட்போம், அவன் முட்டையை அவன் தின்னட்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாதாடினேன். அம்மா கடைசியில், "சரி சரி, தின்னட்டும். ஆனா எனக்குத் தெரிய வேணாம்" என்றார். அதே அம்மா, பாக்கெட்டின் மேல் 'கொலஸ்டெரால் இல்லை' என்று போட்டிருக்கிறது என்பதற்காக விலை கூடின கடலை எண்ணெயை வாங்கி வைத்திருந்தார். அம்மா, எந்தக் கடலை எண்ணெயிலும் சொல்லிக்கொள்ளும்படி அது இருக்காது! செடிகள் வேறு ஸ்டெரால்களைச் செய்துகொள்கின்றன. பச்சைத் தண்ணீர் பாட்டிலில் 'எலும்பு இல்லை' என்று எழுதி விற்கிற மாதிரிதான் அது.

ப்ளோக் 1982 வரை ஹார்வர்டில் பேராசிரியராக இருந்தார், 2000-ஆம் ஆண்டு தம் 88-வது வயதில் காலமானார். அவருடைய பிசிறுக் கதையை நம்பாதவர்கள் இருந்தால் நம் பெண்கள் விடுதிக்கு வாருங்கள், கண்ணால் பார்க்கலாம். மழைக்காலத்தில் பாதிப் பேருக்குப் படர்தாமரை! அது பூஞ்சை. பூஞ்சையின் சவ்வில் கொலஸ்டெராலுக்குப் பதில் எர்கோஸ்டெரால் என்ற அதன் பங்காளி இருக்கிறது. அதுவும் லானோஸ்டெராலிலிருந்து வருவதே, அதற்கும் அதே 14-ஆம் கார்பன் பிசிறை ராவியாக வேண்டும். கடையில் வாங்கும் குளோட்ரிமசோல் கிரீம் செய்வது என்ன? அந்தப் பிசிறை வெட்டும் என்சைமைப் பிடித்துக்கொள்கிறது. அதாவது பூஞ்சையின் கையிலிருந்து அரத்தைப் பிடுங்கிவிடுகிறது. பிசிறுள்ள பிளேட்டுகள் சவ்வில் போய்ச் சேர, சவ்வு கெட்டு, பூஞ்சையின் வளர்ச்சி நின்றுபோகிறது. (கடைக்காரர் சீக்கிரம் ஆறும் என்று ஸ்டீராய்டு கலந்த கிரீமைக் கொடுத்தால் வாங்காதீர்கள். அரிப்பு அடங்கும், பூஞ்சை பரவும்.)

இதை என் ரூம்மேட்டுக்கு அரை மணி நேரம் போர்டில் படம் போட்டு விளக்கினேன். மூன்று மெத்திலையும் சிவப்புச் சாக்பீஸால் வரைந்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எல்லாம் சரிடி, என் ட்யூபை நீதானே எடுத்தே? கொழுப்புதானே உனக்கு?"